நீல அட்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு அட்டை

டிக்கெட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது, மனிதர் இன்னும் வேலை வாங்குகிறார். டிக்கெட் போடுவது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். ஈப்போவில் இதே அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கோயில் பயணங்களுக்கு ஆள் அனுப்பியவள் நான். நல்ல வேலைக்காரி. அதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வயது எனக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட நான் ஒரு பெண்ணை, ஊரடங்கு நேரத்தில், விமான நிலைய வாசலில் தனியாக நிற்கவைக்கும் அளவுக்குக் கொண்டுபோனேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கோப்பெங் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். மரத்தை வெட்டி வீடமைப்புப் பகுதியாக்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஜனங்கள் இன்னும் தோட்டத்து ஆட்களாகத்தான் பயணம் போவார்கள். தைப்பிங்கில் குடியேறியவர், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், எல்லோரும் வந்து சேர்ந்து ஒரே குழுவாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் கிளம்புவார்கள். நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எந்த வீட்டில் யார், யாருக்கு யார் சம்பந்தம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் என்னிடம் வருவதே அதற்காகத்தான். படிவம் நிரப்பச் சொல்லி உயிரை எடுக்க மாட்டேன், நானே நிரப்பிவிடுவேன்.

எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேலாளர் தொடங்கிவைத்தது. வயதானவர்கள் கோயில் குளத்தில் குளிக்கும்போது மடியில் வைத்திருக்கும் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு வந்து அழுவார்கள். அதனால் கிளம்பும் நாளில் எல்லோருடைய அட்டையையும் வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, உறையில் வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவோம். வெளிநாட்டில் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், போதும். திரும்பி வந்ததும் அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தடவையும் பஸ் வாசலில் நின்று இருபத்து மூன்று அட்டைகளை இந்தக் கையால் வாங்கினேன். பேசிக்கொண்டே வாங்கினேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குழுவில் முனியாண்டி அண்ணனும் அவர் மனைவி பாக்கியமும் இருந்தார்கள். அண்ணன் முதலில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார், பிறகு லாரி ஓட்டினார். அவருக்கு நீரிழிவு, தினமும் இரண்டு வேளை இன்சுலின். ஒன்பது வருஷமாகப் பாக்கியம்தான் ஊசி போட்டுவிடுவாள். மரம் வெட்டுகிற காலத்தில் பாம்பைக் கையால் பிடித்து வீசிய மனுஷன், ஊசியைக் கண்டால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது.

அவர்கள் பாதிப் பயணத்தில் இருந்தபோது கொரோனாவோடு அந்த மார்ச் மாதம் வந்தது. உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள், வீட்டில் தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, அங்கே ஊரடங்கு. இரண்டு அரசாங்கங்களும் அடுத்தடுத்து விமானங்களை நிறுத்தின. நிறுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை, அன்றைக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் விமானம் நின்றால் விமானம் மட்டும் நிற்காது. சிம்பாங் பூலாயில் எங்கள் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்று சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்தது. கேமரன் மலைக்கு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிய வேன் ஓட்டுநர் வீட்டு வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்றார். எனக்குத் தெரிந்த பூக்கடை அக்காவிடம் மல்லிகை இல்லை. தமிழ்நாட்டு மல்லிகை பயணிகள் விமானத்தின் வயிற்றில் வருவது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சுற்றுலா என்றால் டிக்கெட்டும் ஓட்டலும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருந்தால், இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டது. கல்யாணம் எதுவும் நடக்காததால் மண்டபம் கிடைத்தது, சமையலறையும் கிடைத்தது. சில வாரங்கள் கழித்து, சிக்கிய மலேசியர்களைக் கொண்டுவரத் திருச்சியிலிருந்து ஒரு சிறப்பு விமானம் என்று செய்தி வந்தது. பட்டியல் அனுப்பச் சொன்னார்கள். பெயர், கடப்பிதழ் எண், குடியுரிமை. நான் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் அனுப்பினேன். குடியுரிமைக் கட்டத்தில் முதல் ஆளுக்கு மலேசியா என்று அடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். ஒரே தோட்டத்து ஆட்கள், வேறு என்ன இருக்கப்போகிறது? பாக்கியத்தின் கடப்பிதழ் எண்ணில் மற்றவர்களைவிட ஓர் இலக்கம் குறைவாக இருந்தது. அதுகூட என் கண்ணில் படவில்லை. இருபத்து மூன்று பேருக்கும் இடம் உறுதியானது. மண்டபத்தில் பாயசம் வைத்தார்களாம்.

விமானத்துக்கு முதல் நாள் காலை இன்னொரு செய்தி. வந்திறங்கியதும் தனிமைப்படுத்தும் இடம் ஒதுக்க வேண்டும், எல்லோருடைய அடையாள அட்டை நகலும் மதியத்துக்குள் வேண்டும். அட்டைகள் அலமாரியில் இருந்தன. காவல் நிலையத்தில் கடிதம் வாங்கி, சாலைத்தடுப்பைத் தாண்டி, பூட்டிக் கிடந்த அலுவலகத்தைத் திறந்தேன். மேசையில் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கைபேசியில் படம் எடுத்தேன். நீலம், நீலம், நீலம். பதினோராவது அட்டை சிவப்பு.

பாக்கியம்.

சிவப்பு அட்டை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. நான் அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முனியாண்டி அண்ணன் தமிழ்நாட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தவள் பாக்கியம். பத்தொன்பது வயதில் வந்தவள், முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. எங்களைப் போலவே மரம் வெட்டினாள், எங்களைப் போலவே பேசினாள், கோயில் திருவிழாவில் எங்களைவிடச் சத்தமாகச் சண்டை போட்டாள். அவள் எங்கிருந்து வந்தவள் என்பதையே ஊர் மறந்துபோனது, நானும் மறந்துபோனேன். அவள் கையில் இருந்தது இந்தியக் கடப்பிதழ். விசா பிரிவில் இருந்த பெண், பாக்கியத்துக்கு விசா தேவையில்லை என்பதால் தன் தாளில் 'சரி' என்று போட்டிருக்கிறாள். நான் எல்லோருக்கும் 'சரி' என்று இருப்பதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன். அவள் மேல் குற்றமில்லை. பட்டியல் என்னுடையது.

அன்றைய விதிப்படி அந்த விமானம் குடிமக்களுக்கு. நிரந்தரவாசி வர வேண்டுமானால் குடிநுழைவுத் துறையின் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அந்த அறிவிப்பை நானும் படித்திருந்தேன். என் ஆட்களுக்கு இது இல்லை என்று நினைத்து அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். அறிவிப்பு வந்தால் முதலில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். யாரை விட்டிருக்கிறது என்று இரண்டாம் தடவை பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலாளிக்கு போன் செய்தேன். நல்ல மனுஷர், பதறிவிட்டார். பாக்கியத்தின் அட்டை நகலை மட்டும் மங்கலாக அனுப்புங்கள், அத்தனை கூட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள், விமான நிலையத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது என்கிற பெரிய கொள்கையெல்லாம் அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. விமான நிலைய வாசலைத்தான் நினைத்துப் பார்த்தேன். ஊரடங்கு அனுமதிச் சீட்டோடு வரும் பஸ், ஆட்களை இறக்கிவிட்டு உடனே திரும்பிவிடும். அண்ணன் உள்ளே போயிருப்பார். அப்போது கவுண்டரில் இருப்பவர் கடப்பிதழைத் திறந்து பார்ப்பார். கட்டாயம் பார்ப்பார், அதுதான் அவர் வேலை. பாக்கியம் வெளியே வந்து நிற்பாள். பஸ் இல்லை, கடை இல்லை, திரும்பிப் போக மண்டபத்தில் ஆளும் இல்லை. அவள் இடமும் காலியாகவே பறந்து வரும், காத்திருப்போர் வரிசையில் இருக்கும் இன்னொருவருக்கும் அது கிடைக்காது. பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்லும்போது, பார்த்துக்கொள்ள வேண்டியவர் அங்கே தனியாக நிற்பவர். முதலாளியிடம் முடியாது என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பட்டியலைக் கவனித்த அதிகாரி ஒரு பெண். என் தவறு என்று சொல்லித் திருத்தச் சொன்னேன். கோபப்படவில்லை. பாக்கியத்தின் பெயரை எடுக்கிறேன், அட்டை நகலும் திருமணப் பத்திரமும் வைத்து மனு போடுங்கள், எத்தனை நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு, கணவர் பெயர் இருக்கட்டுமா, பத்து நிமிஷத்தில் பட்டியலை மூட வேண்டும் என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டையும் எடுத்துவிடுங்கள், அவள் இல்லாமல் அவர் எங்கே வரப்போகிறார் என்றேன்.

அந்த அம்மாள் கேட்டார். "அவங்ககிட்ட கேட்டீங்களா?"

காலையிலிருந்து ஒரு தவற்றைத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறேன். அதே மேசையில், அந்தச் சிவப்பு அட்டை கண் முன்னால் கிடக்கும்போதே, அதே தவற்றை இன்னொரு தடவை செய்யப்போனேன். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்கிற அந்த வியாதி. போனை வைத்துவிட்டு முனியாண்டி அண்ணனை அழைத்தேன். பாக்கியம்தான் எடுத்தாள். அவர் போனும் அவள் கையில்தான் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் பெயர் எடுபட்டுவிட்டது, காரணம் இது, கவனிக்காதது நான். மண்டபத்தில் மற்றவர்கள் பெட்டி கட்டிச் சிரித்துப் பேசும் சத்தம் போனில் கேட்டது.

"அப்ப என்னைய இந்த ஊருக்காரின்னு சொல்றாங்களா?" என்றாள். "இங்க எனக்கு யாருக்கா இருக்கா? அப்பா அம்மா செத்து வீட்டையும் இடிச்சாச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் பெயரையும் எடுத்துவிடட்டுமா, இரண்டு பேரும் சேர்ந்தே இருந்து வாருங்களேன் என்றேன்.

"அவரு பேர எடுத்துறாதீங்கக்கா. அவரு டாக்டரு, மருந்து அட்டை எல்லாம் அங்கதானே இருக்கு. நான் இங்க எப்படியும் கெடந்துக்குவேன். அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நான் இங்க யாரைப் போயி கூப்புடறது?"

ஊசி யார் போடுவார் என்று கேட்டேன். வந்திறங்கியதும் பதினான்கு நாள் ஓர் அறையில் தனியாக அடைத்துவிடுவார்களே.

"இன்னிக்கிச் சொல்லிக் குடுத்துருவேன்லா. இன்னும் பொழுது இருக்கு."

அதிகாரியை அழைத்து, கணவர் பெயர் இருக்கட்டும் என்றேன். பத்து நிமிஷத்தில் ஒரு நிமிஷம் மிச்சமிருந்தது.

அன்று பிற்பகல் அந்த மண்டபத்துச் சமையலறையில் நடந்ததை அண்ணனே பின்னால் எனக்குச் சொன்னார். மிச்சமிருந்த கத்தரிக்காய்களில் மூன்று தடவை குத்தச் சொன்னாளாம். பிறகு அவர் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் விரல் வைத்து, இங்கே என்றாளாம். அவர் முடியாது என்று பேனா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அவள் அதை எடுத்து மறுபடி அவர் கையில் வைத்தாள். நாலாவது தடவை குத்திவிட்டார். மறுநாள் அவளும் பஸ்ஸில் திருச்சி வரைக்கும் வருகிறேன் என்று அடம்பிடித்தாள். நான் விடவில்லை. அவள் மண்டபத்து வாசலிலேயே நின்று வழியனுப்பினாள்.

இருபத்திரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் தனிமையில் இருந்த பதினான்கு நாளும் காலை ஏழு மணிக்கு நான் போன் செய்வேன். குத்தியாச்சா என்பேன், குத்தியாச்சும்மா என்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர்கூட, நான் மாத்திரை போட்டேனா இல்லையா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா என்றார்.

பாக்கியத்தை, அந்த ஊரில் எங்களுக்கு வழக்கமாகப் பஸ் ஓட்டும் தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் பஸ்ஸும் எங்கள் பஸ்களைப் போலவே நின்று கிடந்தது. இரு நாடும் கதவை மூடினால் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் வயிறு காயும். அந்தத் தம்பியின் மனைவி பூக்கட்டுகிறவர், பாக்கியமும் அவரோடு உட்கார்ந்து கட்டினாள். ஒரு நாள் போனில், இங்க மல்லியக் குப்பையில கொட்டுறாங்கக்கா என்றாள். நம் பூக்கடை அக்கா அன்றைக்கும் கடையைத் திறக்கவில்லை.

அனுமதிக் கடிதத்துக்கு மனு போட்டேன். நடுவில் விதி மாறியது, புதிதாகப் போட்டேன். இன்னொரு தாள் கேட்டார்கள். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணியாரின் மகள் வீடு வரைக்கும் விசாரித்து அதையும் எடுத்தேன். இப்படி ஓடுவது எனக்குக் கைவந்த வேலை, அதைப் பற்றிப் பெருமை பேச மாட்டேன். ஆனால் ஒரு நாள் தாங்க முடியாமல், என் மேல் உனக்குக் கோபம் இல்லையா பாக்கியம் என்று கேட்டுவிட்டேன்.

"கோவமாத்தான் இருந்துச்சு," என்றாள். "அப்புறம் யோசிச்சேன். என்னையும் உங்க தோட்டத்து ஆளுன்னு நெனச்சதாலதானே அட்டையப் பாக்காம விட்டீங்க. அதுக்கு எப்படிக்கா ஒரேயடியாக் கோவப்படறது?"

அன்று நான் அழுதேன். ஆனால் அவள் சொன்னதை வைத்து என்னை நான் மன்னித்துக்கொள்ளவில்லை, நீங்களும் உங்களை அப்படி மன்னித்துக்கொள்ளாதீர்கள். அவளை நம்மவள் என்று நினைத்தது நல்லதுதான். நம்மவள் என்றால் அவள் கையில் என்ன தாள் இருக்கிறது, எது இல்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள் வந்தால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறோம். தெரிந்தவர் வந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த வருஷத்துக்குப் பிறகு எனக்கு மிகவும் தெரிந்தவர்களின் தாள்களைத்தான் முதலில் திறந்தேன். சொந்தத் தங்கச்சி முகம் சுளித்தாள், சுளிக்கட்டும்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அடுத்த சிறப்பு விமானத்தில் பாக்கியம் வந்தாள், அவளுக்கும் பதினான்கு நாள் தனிமை. அது முடிந்த காலையில் ஈப்போக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் ஈப்போ பஸ் நிலையத்துக்கு வந்தது. முனியாண்டி அண்ணனை நான்தான் காரில் கூட்டிப்போயிருந்தேன். புதுச் சட்டை, முகத்தில் கவசம்.

பாக்கியம் இறங்கினாள். இளைத்திருந்தாள். அங்கே நின்ற பணியாளர் தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார், அவள் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு நேரே அவரிடம் போனாள். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அவர் சட்டையைத் தூக்கினாள்.

தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரே இடத்தில் தோல் கறுத்து, நெல்லிக்காய் அளவுக்குக் கட்டியாகத் தடித்திருந்தது. ஒன்பது வருஷம் அவள் இடம் மாற்றி மாற்றிப் போட்ட ஊசி அது. அப்படி மாற்ற வேண்டும் என்று அந்த ஒரு பிற்பகலில் சொல்ல மறந்திருக்கிறாள். சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்த மனுஷனுக்கு அது தெரியவும் இல்லை. அவள் விரலால் அந்த இடத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"இத்தன நாளும் ஒரே எடத்துலயா குத்துனீங்க?"

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்த எடத்ததானே காட்டுன," என்றார்.